பூட்டிய வீடு

நாலே முக்கால்.
அலாரத்தை அணைப்பது என் கைதான்.
எழுந்து உட்காருவது யாரென்று
இன்னும் பிடிபடவில்லை.

டியூப்லைட் மூன்று தடவை சிமிட்டிவிட்டுத்தான் எரியும்.
செல்லூர்க் கண்மாய்க் கொசுவும் ஆடிக் காற்றும்
ஒரே ஜன்னல் வழியாக.
பாக்கியநாதன் போர்வைக்குள் புரண்டு
'ஆரம்பிச்சிட்டியா' என்கிறார்.
ஆரம்பிக்கவில்லை.
விரித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பீரோ கதவில், புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த அட்டை.
முந்நூற்று அறுபத்தைந்து கட்டம்.
ஜனவரியில் சிவப்பு மை, பக்கத்தில் குட்டி நட்சத்திரம் வேறு.
பிறகு நீலம். பிறகு பென்சில்.
பிறகு, ஊரே தூங்காத சித்திரை முழுக்க
வெறும் வெள்ளை.
பிப்ரவரியில் தாண்டியிருக்க வேண்டிய எண்ணாகமத்தை
ஆடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பெரிய துக்கம் ஒன்றுமில்லை.
இருந்தாலாவது சங்கீதத்தைப் புரட்டி அழுதிருக்கலாம்.
காய்ச்சல்காரி வாய்க்கு இட்லி மாதிரி
வசனம் உள்ளே போகிறது.

எனக்கு மின்வாரியத்தில் கணக்கெடுக்கிற வேலை.
குலமங்கலம் ரோட்டு விசைத்தறி வீடுகளில்
படிக்கட்டுக்கு அடியில், கோழிக்கூண்டுக்கு மேலே,
ஒட்டடையைத் துடைத்து எண்ணைப் படிப்பேன்.
மீட்டர் படிக்க ஆசையாக இருக்கிறதா என்று
பதினாறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.
ஆள் இல்லையென்றால் 'பூட்டு' என்று குறித்துவிட்டு
அடுத்த வாசல்.
உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்
தெரு வரைக்கும் கேட்கும்.

விடிகாலையிலும் நிறைய நாள் அப்படித்தான்.
வாசித்தேன். பூட்டு.
தேதி போட்டேன்.

இன்றைக்கு ஏழாம் அதிகாரம்.
கோத்திரத்துக்கு ஒரு தலைவன்,
நாளுக்கு ஒருவனாகக் காணிக்கை கொண்டுவருகிறான்.
வெள்ளித் தட்டு ஒன்று, வெள்ளிக் கிண்ணம் ஒன்று,
தூபம் நிறைத்த பொன் கரண்டி, காளை, கடா.
மறுநாள் அடுத்தவன். அதே தட்டு. அதே எடை.
அதற்கும் மறுநாள். அதே.
நாலாவது ஆளிடம் கொட்டாவி.
ஆறாவது ஆளிடம் பால்காரர் பெல்.
எட்டாவது ஆளைத் தாண்டிக் குதிக்க
விரல் பக்கத்தைத் தூக்கியே விட்டது.

எங்கள் ஆபீசாக இருந்தால்
முதல் வரியை மட்டும் எழுதி
கீழே பதினொரு தடவை 'மேற்படி' போட்டிருப்போம்.
நானே போடுவேன். என் கையெழுத்தில்
அந்த ஒரு வார்த்தைதான் அழகு.

இதை எழுதியவர்
ஒரு மேற்படிகூடப் போடவில்லை.
பன்னிரண்டாம் நாள் வந்தவனுக்கும்,
எல்லாரும் பார்த்துச் சலித்த அதே தட்டோடு வந்தவனுக்கும்,
பேர், தகப்பன் பேர், தட்டின் எடை
முழுசாக.

விரலைக் கீழே வைத்தேன்.
எட்டாவது ஆளிலிருந்து
வாய்விட்டு வாசித்தேன்.

கடைசியில் மொத்தமும் கொடுத்திருந்தது.
தொழில் புத்தி விடுமா?
பால் கணக்குச் சீட்டின் பின்பக்கம்
நூற்று முப்பதையும் எழுபதையும் கூட்டி
பன்னிரண்டால் பெருக்கினேன்.
இரண்டாயிரத்து நானூறு.
டேலி.

சிரிப்பு வந்தது.
அந்தப் பக்கங்களைப் பார்த்து நான் சிரித்து
எத்தனை வாரம் ஆயிற்றோ.
பக்தியில் சேருமா, தெரியவில்லை.

'என்ன சிரிப்பு?' என்றது போர்வை.
'கூட்டல் சரியா இருக்கு.'
'யாரு வீட்டுது?'

பென்சிலைத் தேடி எடுத்து
கட்டத்தில் ஒரு கோடு.
நட்சத்திரம் போடவில்லை.
நாளைக்கு எட்டு.
பூட்டியிருக்கலாம்.